எலியாவைத் தூங்கவிட்ட கடவுள்

(பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய முதல் வாசகம் அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டுள்ளது. இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒருநாள் முழுவதும் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் போய் உட்காருகிறார். உட்கார்ந்து என்ன கேட்கிறார்? சாவைக் கேட்கிறார். வாழ்ந்தது போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடமே மன்றாடுகிறார்.

இந்த எலியா சாதாரண ஆள் இல்லை. முந்தைய அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிராகத் தனியாளாக நின்றவர். அவர் மன்றாட, வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. மழையற்றுக் கிடந்த நாட்டில் மழையும் பெய்தது. அன்றைக்கே ஆகாபு அரசனின் தேருக்கு முன்னால் இஸ்ரியேல் ஊர்வரை ஓடியவர். பிறகு அரசி ஈசபேல் கொல்லத் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கும் பெயேர்செபாவுக்குத் தப்பி ஓடுகிறார். பணியாளனை அங்கேயே விட்டுவிட்டு, தனியாகப் பாலைநிலத்துக்குள் போகிறார். உடல் ஓய்ந்துவிட்டது. பக்கத்தில் ஆளில்லை. உயிர் பயம் வேறு. அந்த நிலையில்தான் சாவு அவருக்கு ஓர் ஆறுதலாகத் தெரிகிறது.

அப்போது கடவுள் என்ன செய்தார்? உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. நேற்றுத்தானே நெருப்பைப் பார்த்தாய் என்று இடித்துக்காட்டவில்லை. எலியா படுத்துத் தூங்குகிறார். கடவுள் அவரைத் தூங்கவிடுகிறார். பிறகு வானதூதர் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்கிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறார். வானதூதர் கோபிக்கவில்லை, இரண்டாம் முறையும் வந்து எழுப்புகிறார், மறுபடியும் உணவு தருகிறார். ஓரேபு மலையும், அங்கே கேட்ட மெல்லிய ஒலியும், புதிய பணியும் எல்லாம் பிறகுதான். முதலில் தூக்கம், சோறு, தண்ணீர், தொட்டு எழுப்ப ஒரு கை.

இந்த வாசகத்தை வைத்து நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். வானதூதர் தந்த அப்பத்தை நற்கருணைக்கு முன்னடையாளமாக விளக்குவேன். அது சரியான விளக்கம்தான். இன்றைய நற்செய்தியும் வாழ்வு தரும் உணவைப் பற்றியே பேசுகிறது. ஆனால் எலியாவின் தூக்கத்தை நான் கவனித்ததே இல்லை. அதைக் கவனிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு மாணவன்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அவனுடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். அவன் என்னிடம் பேசியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அல்ல, பங்குத்தந்தை இல்லத்தின் வராண்டாவில். அப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. சிறுவயதில் பீடச்சிறுவனாக இருந்தவன். ஒரு மாலை வந்து தூணோரம் நின்றான். "ஃபாதர், ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. ரெண்டு மணிக்கே முழிச்சிடுறேன். சாப்பாடு இறங்கல. படிச்சா ஒண்ணும் மண்டையில ஏறல" என்றான். என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். நான் என்ன செய்தேன்? புதிய செபமாலை ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். படுக்கும்முன் தவறாமல் சொல்லு, நவநாளுக்கு ஒழுங்காக வா, கைப்பேசியைக் குறைத்துக்கொள் என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலை எனக்கு அன்பியக் கூட்டம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவன் தாய் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். பையன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தான். கடவுள் அருளாலும் மருத்துவர்களின் திறமையாலும் பிழைத்துக்கொண்டான்.

அங்கே அவனைப் பார்த்த மனநல மருத்துவர் ஒரு பெண்மணி. அவர் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். எத்தனை நாளாகத் தூக்கமில்லை? எடை குறைந்ததா? குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, யாராவது தற்கொலையால் இறந்தார்களா? எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. தூக்கமில்லை என்று என்னிடமே சொன்னான். சட்டை தொளதொளவென்று தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அவன் சித்தப்பா எப்படி இறந்தார் என்பது ஊருக்கே தெரியும். எல்லாம் தெரிந்தும் எனக்கு எதுவும் புரியவில்லை. "நீங்க சொன்ன செபம் தப்பில்ல ஃபாதர். அதைச் சொல்ற நிலையில அவன் இல்ல" என்றார் அந்த மருத்துவர். அவர் கிறிஸ்தவரும் அல்ல.

அருள் மனித இயல்பை ஒதுக்கிவிட்டுச் செயல்படுவதில்லை, அந்த இயல்பின் மீதே நின்று அதை நிறைவாக்குகிறது என்று புனித தோமா அக்குவினா கற்பித்தார். குருமடத்தில் இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். வராண்டாவில் அது நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவன் அல்ல. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உலகில் ஆண்டுதோறும் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் 1,70,924 பேர். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடத்தில் நம் தமிழ்நாடு இருக்கிறது. இது எங்கோ நடக்கும் செய்தி அல்ல.

ஓர் இளைஞர் ஏன் இந்த நிலைக்கு வருகிறார்? நாம் உடனே ஒரு காரணத்தைத் தேடுகிறோம். தேர்வில் தோல்வி, காதல், அப்பா திட்டினார், செல்போன் வாங்கித் தரவில்லை என்று செய்தித்தாளும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. தேர்வில் தோற்றவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அப்பாவிடம் திட்டு வாங்காத பிள்ளை யார்? அப்படியானால் ஒரு சிலருக்கு மட்டும் அந்தக் கடைசிச் சம்பவம் ஏன் தாங்க முடியாததாகிறது? அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் மேன் போன்ற ஆய்வாளர்கள் சொல்வது இது: ஏற்கெனவே உள்ளே இருக்கும் பலவீனமும், வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து வருகிறது. வெளியே நடந்ததை ஊரே பார்க்கிறது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த உள்ளே இருப்பதில் ஒரு பகுதி உடலைச் சேர்ந்தது. 1976ஆம் ஆண்டு சுவீடனில் மரீ ஓஸ்பெரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரைப் பரிசோதித்தார்கள். மூளையில் செரோட்டோனின் என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. மனநிலையைச் சமன்படுத்துவதிலும், திடீர் உந்துதலைக் கட்டுப்படுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது சிதைந்து உண்டாகும் பொருள் யாருக்குக் குறைவாக இருந்ததோ, அவர்களிடையே உயிரை மாய்க்க முயன்றவர்கள் அதிகம் இருந்தார்கள். இதை வைத்து, ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் யாருக்கு ஆபத்து என்று தெரிந்துவிடும் என எண்ணிவிடாதீர்கள். அப்படி ஒரு பரிசோதனை இன்றுவரை இல்லை. ஆனாலும் மன உறுதி இல்லாதவன், கோழை என்று நாம் பட்டம் கட்டும் பிள்ளையின் மூளையில் உண்மையிலேயே ஏதோ ஒன்று சமநிலை இழந்திருக்கலாம் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

குடும்ப வழியும் உண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1979இல் வெளிவந்தது. தத்துப் பிள்ளைகளாக வளர்ந்து பின்னாளில் தற்கொலையால் இறந்தவர்களுடைய இரத்த உறவினர்களிடையே தற்கொலை அதிகமாக இருந்தது. வளர்த்த குடும்பத்தாரிடையே அப்படி இல்லை. இதைக் கேட்டு, எங்கள் வீட்டில் ஒருவர் அப்படிப் போய்விட்டாரே, என் பிள்ளைக்கும் அதுதானா என்று அஞ்ச வேண்டாம். வழிவழியாக வருவது ஒரு பலவீனம் மட்டுமே. சாபம் அல்ல, தலைவிதியும் அல்ல. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மகன் ஆண்டுதோறும் இரத்தம் பரிசோதித்துக்கொள்கிறான் இல்லையா? அதுபோலக் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். முன்னோர் செய்த பாவம் என்று சொல்லிக் கட்டுமந்திரம் தேடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும்தான்.

பிறப்பில் வருவதோடு முடிவதில்லை. சிறுவயதில் பட்ட காயம் உடலுக்குள்ளேயே பதிகிறது. கனடாவின் மொன்றியால் நகரில் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட முடிவு என்னை மிகவும் பாதித்தது. தற்கொலையால் இறந்தவர்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் மூளையை அவர்கள் பரிசோதித்தார்கள். ஆபத்து முடிந்ததும் உடலின் பதற்றத்தைத் தணிக்க உதவும் ஒரு மரபணு, அவர்களிடம் சரியாக வேலை செய்யாதபடி வேதி மாற்றம் அடைந்திருந்தது. அடியாத மாடு படியாது என்கிறோம். அடிபட்ட பிள்ளை படிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவன் உடல் எந்நேரமும் அடி விழப்போகிறது என்ற நிலையிலேயே இருக்கப் பழகிவிடுகிறது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். பாலியல் சீண்டலுக்கு ஆளாகி, யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இளவயதுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. உணர்ச்சிகளைக் கொந்தளிக்க வைக்கும் மூளைப் பகுதி பதின்பருவத்தில் வேகமாக விழித்துக்கொள்கிறது. பொறு, யோசி, நாளை பார்க்கலாம் என்று நிதானிக்கச் செய்யும் நெற்றிப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதனால் அவர்களுக்கு அலை பெரிது, கரை சிறிது. பல இளைஞர்களிடம் அந்த எண்ணம் தோன்றுவதற்கும் செயலில் இறங்குவதற்கும் இடையே மிகக் குறுகிய நேரமே இருக்கிறது. அந்த நேரத்தைக் கடந்துவிட்டால் அலை தணிந்துவிடும். ஆகவே கொந்தளிப்பில் இருக்கும் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. வயலுக்கு வாங்கிய மருந்தையும், பாட்டியின் மாத்திரைகளையும் பூட்டி வைக்க வேண்டும். இதை அற்பமான யோசனை என்று எண்ணாதீர்கள். ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் போனதாலேயே காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். மதுவும் இதில் சேரும். இருக்கிற கொஞ்ச நிதானத்தையும் அது கரைத்துவிடும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எலியாவை முன்னிட்டு. பதின்பருவத்தில் உடலின் கடிகாரமே தாமதமாகிறது; இரவு பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராது. சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம், உண்மையில் அது வளர்ச்சியின் இயல்பு. நாமோ காலை ஐந்து மணிக்கு டியூஷனுக்கு அனுப்புகிறோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை கேட்டேன். ஐந்து மணி நேரம் என்று பெருமையோடு கை தூக்கினார்கள். ஏழு மணி நேரம் தூங்குகிற பிள்ளைக்குத்தான் சொல்லக் கூச்சம்! தொடர்ந்து தூக்கம் கெடுவது மனச்சோர்வின் அடையாளமும் ஆகும். தற்கொலை எண்ணத்தை வலுப்படுத்தும் காரணமும் ஆகும். உங்கள் பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இனி மனத்தைப் பற்றி. எலியா இரண்டு வாக்கியங்களில் தம் மனத்தைத் திறந்து காட்டுகிறார். தம் மூதாதையரைவிடத் தாம் நல்லவர் அல்ல என்கிறார். பின்னர் மலையில், தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக முறையிடுகிறார். நான் எதற்கும் உதவாதவன்; எனக்கு யாருமில்லை. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் தற்கொலை எண்ணத்தின் அடியில் கண்டதும் ஏறக்குறைய இவையே: மற்றவர்களுக்கு நான் பாரமாக இருக்கிறேன் என்ற நினைப்பு, யாரோடும் நான் சேர்ந்தவன் இல்லை என்ற நினைப்பு. அதோடு, இது ஒருநாளும் மாறப்போவதில்லை என்ற நம்பிக்கையிழப்பும் சேர்கிறது. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் அதைத் தனியாக ஆராய்ந்தார். துயரத்தைவிடவும் நம்பிக்கையிழப்பே ஆபத்தைக் காட்டும் தெளிவான அடையாளம் என்றார். இந்த நிலையில் மனம் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் சுருங்கிவிடுகிறது. பத்து வழிகள் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். எலியாவுக்கும் அப்படித்தான். அவர் தனியாள் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்டில், பாகாலுக்கு மண்டியிடாத 7,000 பேர் இருந்தார்கள். கடவுள் அதைச் சொன்னார். ஆனால் அப்பம் கொடுத்தபோதே சொல்லவில்லை.

நான் பாரம் என்ற நினைப்பு நம் வீடுகளில் எப்படி முளைக்கிறது தெரியுமா? பெரும்பாலும் அன்பிலிருந்தே முளைக்கிறது. "உனக்காகத்தானே நகையை அடகு வச்சேன், உனக்காகத்தானே வட்டிக்கு வாங்கினேன், உன்ன நம்பித்தானே இருக்கோம்" என்று தாய் சொல்கிறார். அவர் சொல்வதெல்லாம் உண்மை. வலியில் இருக்கும் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: நான் இல்லாவிட்டால் இவர்களுக்குச் செலவு மிச்சம். நன்றாகப் படிக்கிற, எதிர்த்துப் பேசாத, எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று தன்னையே வதைத்துக்கொள்கிற பிள்ளைகள் இதில் தப்புவதில்லை. அவர்களைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை என்பதுதான் கவலை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பத்து ஆண்டுகள் நடந்த இறப்புகளை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில், ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேருக்கு ஆண்பிள்ளைகளில் 58 பேரும் பெண்பிள்ளைகளில் 148 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் மொத்த இறப்பில் பாதிக்கும் மேல் இதுதான். நோயில் இறந்தவர்களைவிட இப்படி இறந்தவர்கள் அதிகம்! படிப்பை நிறுத்துவது, விருப்பமில்லாத திருமணம், யாரோடு பேசினாய் என்ற விசாரணை, சாதி பார்த்து அறுக்கப்படும் உறவு என்று ஒரு பெண்பிள்ளையைச் சுற்றி நாம் எழுப்பும் சுவர்களை எண்ணிப் பார்க்கிறேன். குடும்ப மானம் என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஞாயிறு திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாதி கேட்கும் குடும்பங்களில் நடந்த இறப்புகளுக்கு நானே இறுதிச்சடங்கு நடத்தியிருக்கிறேன். அந்தக் கல்லறைகளில் நின்று நான் பேசியது போதாது என்று இப்போது தோன்றுகிறது.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்? கேட்க முடியும். பெற்றோரே, ஆசிரியர்களே, இளைஞர் இயக்க வழிகாட்டிகளே, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு பிள்ளை திடீரென ஒதுங்கினால், தனக்குப் பிரியமான பொருள்களை எடுத்துக் கொடுத்தால், நான் இல்லாவிட்டால் நல்லது என்று விளையாட்டாகச் சொன்னாலும், நேராகக் கேளுங்கள். "செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. பல நேரங்களில் கேட்டதே பாரத்தைக் குறைக்கிறது. ஆமாம் என்று பதில் வந்தால் பதறாதீர்கள், அழாதீர்கள், "எங்கள நினைச்சுப் பாத்தியா" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அன்று இரவு தனியே படுக்க விடாதீர்கள். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முன்பே ஒருமுறை முயன்ற பிள்ளைக்கு ஆபத்து மிக அதிகம். சும்மா மிரட்டுகிறான் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால் கொடுங்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் இளையவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், பதற்றம் கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குணமளிக்கும் வழிபாட்டுக்குப் போய்வந்த கையோடு மாத்திரையை நிறுத்திவிட்டு, விசுவாசத்தால் நிறுத்தினேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது விசுவாசம் அல்ல. திருத்தலத்துக்குக் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போகும்போது மருந்துப் பையையும் எடுத்துப் போங்கள். சிகிச்சைக்கு வருகிற பிள்ளைமேல் வழக்குப் போடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சை அளிக்கச் சொல்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், பிள்ளையை இழந்த பெற்றோர் சிலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அறிகுறி இருந்ததே, நான் பார்க்கவில்லையே என்று இப்போது உங்கள் மனம் துடிக்கும். நானும் பார்க்காதவன்தான். இறையியல் படித்து, பல நூறு குடும்பங்களைக் கண்டு, கண்ணெதிரே வந்து நின்றவனை அடையாளம் காணாதவன். வேர்கள் பல, எல்லாம் மண்ணுக்குள் இருந்தவை. ஒரே ஓர் இரவின் கடுஞ்சொல்லையோ, எடுக்காத ஒரு தொலைபேசி அழைப்பையோ காரணமாக்கி உங்களையே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "சாமி, எம் பேரன் மோட்சத்துக்குப் போயிருப்பானா?" அவர் சிறுமியாக இருந்த காலத்தில், இப்படி இறந்தவர்களைக் கோவிலுக்குள் கொண்டுவராமல், மந்திரிக்காத மண்ணில் கல்லறைத் தோட்டத்தின் ஓரமாகப் புதைத்ததைப் பார்த்தவர். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில், தெளிந்த மனத்தோடு தன்னுயிரைப் போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டிருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. உயிர் கடவுளின் கொடை, அதை அழிக்க நமக்கு உரிமையில்லை என்ற போதனை மாறவில்லை. அதே வேளையில், கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2282ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அடுத்த எண்ணில், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருஅவை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் சொல்கிறது. பாட்டியிடம் எண்களையெல்லாம் நான் சொல்லவில்லை. அவன் நோயாளி, கடவுள் நோயாளிகளை அறிவார் என்றேன். பேரனுக்காக மாதந்தோறும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுத்தார். முதல் வெள்ளிக்கிழமை, காலைத் திருப்பலி, மூன்றாவது பெஞ்சு.

அந்தக் கல்லூரி மாணவன் ஓராண்டு இடைவெளிக்குப் பிறகு படிப்பை முடித்தான். நான்கு ஆண்டுகள் மருந்து சாப்பிட்டான். நடுவில் ஒருமுறை திரும்பவும் சரிந்தான், அவனே மருத்துவரைத் தேடிப் போனான். இப்போது வெளியூரில் வேலை. திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள். மாதம் ஒருமுறை பேசுவான். "ஃபாதர், சாப்பிட்டீங்களா? தூங்குறீங்களா?" என்றுதான் தொடங்குவான். நான் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

எங்கள் பங்கு இல்லத்து வராண்டாவில் இப்போது ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். நின்றுகொண்டு பேசுகிறவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். பெஞ்சுக்கு மேலே சுவரில் சில தொலைபேசி எண்களை எழுதி வைத்திருக்கிறோம். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவண் அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண்: 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்: 104. மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் எண்: 044-24640050. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு; கூட்டிப் போக ஆளில்லை என்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், அவர் வருவார்.

எண்ணைத் தவறவிட்டவர்களுக்காக இன்னொருமுறை சொல்கிறேன். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.